பக்கம் யாருக்காக? – இணையத்தள வடிவமைப்பின் அடிப்படைகள்

கடந்த தவணையில் எமது தமிழ் இலக்கிய மன்றத்துக்கென ஓர் இணையத்தளம் செய்யும் பொறுப்பு எனக்கும் என் வகுப்புத் தோழியர் இருவருக்கும் கிடைத்தது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிறோம் என்பதே எமது தகுதி. மூன்று வாரங்கள், இடைவேளைகளிலும் பாடசாலை விட்ட பிறகும் கணினிக் கூடத்தில் இருந்து அதைச் செய்து முடித்தோம். தானாக மாறும் புகைப்படங்கள், பூ வேலைப்பாடுள்ள ஓரங்கள், தங்க நிறத் தலைப்புகள் என்று எல்லாமே இருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் "மாஷா அல்லாஹ், நல்ல வடிவா இருக்கு" என்றார்கள். எமக்கும் பெருமைதான்.

மன்றத்தின் கவிதைப் போட்டி பற்றிய அறிவித்தல் அந்தத் தளத்தில்தான் வெளியானது. முடிவுத் திகதிக்கு அடுத்த நாள், தரம் 8இல் படிக்கும் தங்கை ஒருத்தி நான்காக மடித்த தாளுடன் எமது வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "ராத்தா, இன்டைக்கும் கவித எடுப்பீங்களா?" என்று கேட்டாள். உம்மாவின் தொலைபேசியில் தளத்தைப் பார்த்திருக்கிறாள். போட்டி இருப்பது தெரிந்திருக்கிறது. திகதி மட்டும் அவளுக்கு எங்கும் கிடைக்கவில்லை. பொறுப்பாசிரியையிடம் ஓடினோம். கவிதைகள் ஏற்கெனவே நடுவர்களிடம் போய்விட்டிருந்தன.

அன்றிரவு அந்தத் தளத்தை முதன்முறையாக ஒரு சிறிய தொலைபேசியில் திறந்து பார்த்தேன். திகதி இருக்கத்தான் செய்தது. பன்னிரண்டு புகைப்படங்களைத் தாண்டிக் கீழே, ஒரு சுவரொட்டிப் படத்துக்குள், வெள்ளைப் பின்னணியில் தங்க நிற எழுத்தில் இருந்தது. கணினிக் கூடத்தின் பெரிய திரையில் மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்ததால் எம் மூவருக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அந்தத் தளத்தைப் பிரித்து மீண்டும் செய்தபோது நாம் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன். இணையத்தளம் வடிவமைக்க விரும்பும் சகோதரிகளுக்கு, நாம் விட்ட பிழைகளை விடாமல் தொடங்க இது உதவக்கூடும்.

வடிவமைப்பு என்றால் என்ன?

சுவிட்சர்லாந்தில் உள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ் லீ, 1989இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் உலகின் முதலாவது இணையத்தளம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் படங்களில்லை, நிறங்களில்லை. தலைப்பும் பந்தியும் மீயிணைப்பும் மட்டுமே இருந்தன. இருந்தும் தேடி வந்தவருக்குத் தேவையானது கிடைத்தது. அழகு இல்லாமலும் ஒரு தளம் வேலை செய்யும் என்பதற்கு அதுவே சான்று.

பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதும் முறையை ஹோக்கன் வியும் லீ 1994இல் முன்மொழிந்தார். 1996இல் அது நியமமாயிற்று. நாம் பாடத்தில் படிக்கும் சி.எஸ்.எஸ். அதுதான். அதாவது, எச்.ரி.எம்.எல். "இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல்" என்று பொருளைச் சொல்கிறது. சி.எஸ்.எஸ். "தலைப்பு இந்த அளவில், இந்த நிறத்தில்" என்று தோற்றத்தைச் சொல்கிறது. இந்த இரண்டையும் கலக்காமல் இருப்பதே முதற் பாடம். நாம் நிறத்தில் தொடங்கினோம். பொருளை இடையில் நுழைத்தோம். அதனால்தான் திகதிக்குக் கடைசியில் இடம் கிடைத்தது.

1. முதலில் கொப்பி, பிறகு கணினி

இரண்டாம் முறை நாம் கணினியைத் தொடும் முன் கொப்பியில் மூன்று கேள்விகளை எழுதினோம். யார் வருவார்கள்? எதற்காக வருவார்கள்? எதை வைத்துப் பார்ப்பார்கள்?

விடைகள் எளிமையானவை. வருபவர்கள் தரம் 6 முதல் 13 வரையான மாணவியரும் அவர்களது பெற்றோரும். பெரும்பாலானோர் தேடி வருவது போட்டி விபரம், முடிவுத் திகதி, பெறுபேறு ஆகிய மூன்றையும்தான். பார்ப்பது வீட்டிலுள்ள ஒரு தொலைபேசியில். அதுவும் பல வீடுகளில் உம்மாவுடையது, மாலையில் சிறிது நேரம் மட்டும் கையில் கிடைப்பது. எமது பழைய தளத்தின் முகப்பில் முதலில் இருந்ததோ மன்றத்தின் நோக்கங்கள் பற்றிய நீண்ட பந்தி. அதைத் தேடி எவரும் வரவில்லை.

விடைகள் கிடைத்ததும் பென்சிலும் அடிமட்டமும் கொண்டு ஒரு பக்கத்தின் அளவில் பெட்டிகளை வரையுங்கள். எந்தப் பெட்டியில் எது வரும் என்று மட்டும் எழுதுங்கள். நிறம் வேண்டாம், படம் வேண்டாம். கொப்பியில் ஒரு பெட்டியை அழித்து வரைய அரை நிமிடம் போதும். கணினியில் செய்து முடித்த பின் மாற்றுவதானால் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

2. முக்கியமானது முதலில் தெரியட்டும்

பாடசாலை அறிவித்தல் பலகையை நினைத்துப் பாருங்கள். இருபது தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தால் எதையும் வாசிக்க மாட்டோம். ஒரே ஒரு பெரிய எழுத்துத் தாள் இருந்தால் நடந்து போகும்போதே வாசித்துவிடுவோம். ஒரு பக்கத்தில் எல்லாமே பெரிதாக இருந்தால் எதுவுமே பெரிதில்லை.

ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு முதன்மைச் செய்தியைத் தெரிவு செய்ய வேண்டும். அதன் பின் இரண்டாவது, மூன்றாவது. இந்த வரிசையை அளவு, தடிப்பு, நிறம், இடம் ஆகிய நான்கினால் காட்டலாம். எச்.ரி.எம்.எல்.இல் தலைப்புகளுக்கென ஆறு நிலைகள் உள்ளன. முதல் நிலை பக்கத்தின் பெயருக்கு. இரண்டாம் நிலை பிரிவுகளுக்கு. மூன்றாம் நிலை உட்பிரிவுகளுக்கு. எழுத்து பெரிதாக வேண்டும் என்பதற்காக மட்டும் தலைப்புக் குறியைப் பயன்படுத்தவோ, தலைப்பைச் சாதாரணப் பந்தியாக எழுதித் தடித்த எழுத்தாக்கவோ கூடாது. கட்டுரை எழுதும்போது உபதலைப்பு இடுவது போன்ற ஒழுங்குதான் இதுவும்.

திரையில் வாசிப்பவர்களின் கண் அசைவுகளை நீல்சன் நோர்மன் குழுமம் ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. பலர் முதலிரு வரிகளை ஓரளவு முழுமையாகவும், பின்னர் இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாகவும் மேய்கிறார்கள் என்பது அதன் சாரம். அதனால் ஒவ்வொரு வரியின் தொடக்கச் சொல்லும் கனமானதாக இருக்க வேண்டும். "மாணவியரே, நீங்கள் ஆவலுடன் எதிர்பார்த்திருக்கும் எமது கவிதைப் போட்டிக்கான..." என்று தொடங்குவதை விட "கவிதைப் போட்டி: முடிவுத் திகதி" என்று தொடங்குவது பயனுள்ளது.

இந்த இடது ஓரம் தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பொருந்தும். அரபுப் புத்தகத்தை வலப்பக்கமிருந்து திறந்து பழகிய எமக்கு மற்றப் பக்கமும் தெரியும். அரபுமொழித் தளங்களில் சின்னமும் பட்டியலும் வலப்புறமே இருக்கும். முழுப் பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல் மாறியிருக்கும். வடிவமைப்பு மொழியைப் பின்தொடர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உங்கள் பக்கத்தில் வரிசை சரியா என்று அறிய ஒரு சிறிய பரிசோதனை உண்டு. திரையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று கண்களைச் சுருக்கிப் பாருங்கள். எழுத்துகள் மங்கிவிடும். அப்போதும் எது முதலில் தெரிகிறதோ, அதுதான் உங்கள் பக்கம் சொல்லும் முதற்செய்தி. எமது பழைய பக்கத்தில் தெரிந்தது பூ ஓரம்.

3. தமிழ் எழுத்துக்குரிய மரியாதை

ஆங்கிலத் தளங்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே தமிழுக்குப் போட்டால் பல இடங்களில் இடறும். இந்தப் பகுதியை நாம் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அடிபட்டுத்தான் கற்றோம்.

முதலாவது, எழுத்துக் குறிமுறை. மன்றத்தின் பழைய கவிதைகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அவற்றைப் பிரதி செய்து தளத்தில் இட்டபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தன. காரணம், பாமினியில் தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் அமர்ந்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் உள்ளிருக்கும் ஆங்கிலமே வெளியே வரும். யுனிகோட் முறையில் தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'அ'வின் எண் 2949. 'க'வின் எண் 2965. இந்த எண்கள் வேறெந்த மொழிக்கும் சொந்தமில்லை. ஆகையால் எந்தத் தொலைபேசியிலும் 'அ', 'அ'வாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். பழைய ஆக்கங்களை மாற்றியிட்ட பின், பிழை பார்த்தே வெளியிட வேண்டும்.

இரண்டாவது, வரி இடைவெளி. தமிழில் 'கி', 'கீ' மேலே வளைகின்றன. 'ழு', 'ளூ' போன்றவை கீழே இறங்குகின்றன. வரிகள் நெருங்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக வரியின் உயரத்தை வைத்தால் கண் களைப்பதில்லை. உலாவிகளில் எழுத்தின் இயல்பான அளவு 16 பிக்சல். பந்தியில் அதற்குக் குறைய விடாதீர்கள்.

மூன்றாவது, நீண்ட சொற்கள். ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் அடங்கும் ஒரு பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" என்று எழுதினோம். சொல் பொத்தானுக்கு வெளியே வந்து நின்றது. "அனுப்பு" என்று மாற்றினோம். அடங்கியதோடு, தரம் 6 பிள்ளைக்கும் புரிந்தது. நீண்ட சொற்கள் உள்ள பந்தியை இரு ஓரமும் நேராக வரும்படி இழுத்தால், சிறிய திரையில் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக்குவதே நல்லது.

நான்காவது, அழுத்தம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமில்லை. சாய்வெழுத்தும் எமது மரபிலில்லை. சாய்த்தால் எழுத்து விழப்போவது போல் தெரியும். ஆகவே ஒன்றை எடுத்துக்காட்டத் தடிப்பையும் அளவையுமே நம்ப வேண்டும். ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு போதும். மிஞ்சினால் தலைப்புக்கு இன்னொன்று.

கடைசியாக, மிக முக்கியமாக: எழுத்தைப் படத்துக்குள் பூட்டாதீர்கள். எமது சுவரொட்டி 1200 பிக்சல் அகலமானது. 360 பிக்சல் அகலத் திரையில் அது பத்தில் மூன்று பங்காகச் சுருங்கியது. அதிலிருந்த 20 பிக்சல் எழுத்து 6 பிக்சலாயிற்று. அந்தத் தங்கையின் கண்ணுக்கு எட்டாமற்போனது அந்த 6 பிக்சல்தான். திகதியைச் சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்திருந்தால் இது நடந்திராது.

4. நிறம்: அளந்து பார்க்கலாம்

"இந்த நிறம் நல்லாயிருக்கு" என்பது கருத்து. "இந்த நிறத்தில் எழுத்துத் தெரியும்" என்பதைக் கணக்கிடலாம்.

திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் கலவை. எமது கண்ணுக்கு இம்மூன்றும் ஒரே அளவு பிரகாசமில்லை. வெள்ளையின் பிரகாசத்தை 1 என்று கொண்டால் அதில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு 0.0722. இரு நிறங்களுக்கிடையிலான வேறுபாட்டு விகிதத்தைக் காண, இரண்டின் பிரகாசத்துடனும் 0.05ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு எழுத்து: 1.05ஐ 0.05ஆல் வகுக்க 21. இதுவே உச்சம். சிவப்பும் பச்சையும் முழுதாகச் சேர்ந்தது மஞ்சள். அதன் பிரகாசம் 0.9278. வெள்ளையில் மஞ்சள் எழுத்து: 1.05ஐ 0.9778ஆல் வகுக்க ஏறக்குறைய 1.07. அதாவது, அநேகமாக ஒன்றுமே தெரியாது.

இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3 என்று விதிக்கிறது. நாம் ஆசையோடு தெரிவு செய்த தங்க நிறம் வெள்ளையில் 1.4 மட்டுமே. இப்போது கரும்பச்சை பயன்படுத்துகிறோம், அது 7.4. கணக்குப் போட நேரமில்லாதவர்கள் தொலைபேசியின் வெளிச்சத்தைக் குறைத்து, வெயிலில் நின்று வாசித்துப் பாருங்கள். பஸ் தரிப்பிடத்தில் வாசிக்க முடிந்தால் எங்கும் வாசிக்கலாம்.

இன்னொன்று: நிறத்தை மட்டும் வைத்து அர்த்தம் சொல்லக்கூடாது. "சிவப்பில் உள்ளவை முடிந்தவை, பச்சையில் உள்ளவை நடப்பவை" என்று எழுதியிருந்தோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். "முடிந்தது", "நடைபெறுகிறது" என்ற சொற்களையும் சேர்த்தோம். ஒரு தளத்துக்கு ஒரு முதன்மை நிறம், ஒரு துணை நிறம், எழுத்துக்கொரு கருநிறம் என மூன்று போதும்.

5. வெற்றிடம், நெருக்கம், ஒருமை

பெருநாளைக்கு மருதோன்றி இடும்போது உள்ளங்கை முழுவதையும் அப்பிவிட்டால் பூவுமில்லை, கொடியுமில்லை. ஒரு சிவந்த கை மட்டுமே மிஞ்சும். இடையில் விடப்படும் வெறும் தோல்தான் கோலத்தைக் காட்டுகிறது. பக்கத்திலும் அப்படித்தான். காலியாக இருக்கும் இடத்தைக் கண்டதும் எதையாவது போட்டு நிரப்பத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

தொடர்புள்ளவை அருகருகே இருக்கட்டும். ஒரு போட்டியின் பெயரும் திகதியும் விதிகளும் நெருங்கியிருந்து, அடுத்த போட்டிக்கு முன் இடைவெளி கூடியிருந்தால், கோடு போடாமலே இரண்டும் வேறு என்பது விளங்கும். ஒரு பக்கத்தில் பொத்தான் எந்த நிறம், எந்த வடிவம், எந்த இடம் என்று இருந்ததோ, மற்ற எல்லாப் பக்கங்களிலும் அப்படியே இருக்கட்டும். ஒரு முறை கற்றதை வாசகி மறுபடி கற்க வேண்டியிருக்கக்கூடாது.

6. சிறிய திரையிலிருந்து தொடங்குங்கள்

ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை ஈதன் மார்கொட் 2010இல் ஒரு கட்டுரையில் விளக்கிப் பெயரிட்டார். அகலங்களைப் பிக்சலில் கட்டிப்போடாமல் நூற்றுவீதத்தில் கொடுப்பது, படங்கள் தம் பெட்டியை விட்டு வெளியேறாமல் தடுப்பது, திரையின் அகலத்துக்கேற்ப விதிகளை மாற்றுவது ஆகிய மூன்றும் அதன் தூண்கள்.

ஆனால் நாம் கண்ட இலகுவான வழி, முதலில் தொலைபேசிக்கு வடிவமைத்துப் பின் பெரிய திரைக்கு விரிப்பதே. சிறிய திரையில் ஒரே நிரல்தான் வைக்க முடியும். எது மேலே, எது கீழே என்று கட்டாயம் முடிவெடுக்க வேண்டிவரும். பெரிய திரையில் தொடங்கினால் எல்லாவற்றுக்கும் இடமிருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் எம்மை ஏமாற்றியது.

சஹனில் உணவு வைக்கும்போது சுற்றியிருக்கும் எல்லோரது கைக்கும் கறி எட்டுமா என்று பார்த்துத்தான் வைக்கிறோம். ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்திருப்பவருக்கு எட்டுவது பெருவிரல் மட்டுமே. பொத்தான்கள் அதற்கு எட்ட வேண்டும். அருகிலுள்ளது தவறுதலாக அழுந்தாதபடி பெரிதாகவும் இருக்க வேண்டும். முன்னர் சொன்ன வழிகாட்டியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. எம்முடையது அதன் இருமடங்கு.

7. பக்கத்துக்கும் எடையுண்டு

எமது பழைய முகப்பில் 12 புகைப்படங்கள் இருந்தன. கெமராவிலிருந்து எடுத்தபடியே இட்டோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மெகாபைட். மொத்தம் 48 மெகாபைட். ஒரு பைட் 8 பிட் என்பதால் அது 384 மெகாபிட். விநாடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறங்க 192 விநாடிகள், அதாவது 3 நிமிடம் 12 விநாடிகள் வேண்டும். அதுவரை காத்திருப்பவர் யார்? காத்திருந்தாலும், அந்த 48 மெகாபைட்டும் யாரோ ஒரு தாய் ரீலோட் செய்த டேட்டாவிலிருந்து போகிறது. எமது அழகுக்கான செலவை வேறொருவரின் பணப்பையிலிருந்து எடுத்திருக்கிறோம்.

படங்களை 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துச் சுருக்கினோம். ஒவ்வொன்றும் சுமார் 120 கிலோபைட் ஆயிற்று. பன்னிரண்டும் சேர்ந்து சுமார் 1.4 மெகாபைட் ஆயின. அதே இணைப்பில் ஆறு விநாடிக்குள் இறங்கிவிடும். பிறகு பன்னிரண்டில் பத்தை முகப்பிலிருந்து எடுத்து வேறு பக்கத்தில் வைத்தோம். தானாக மாறும் படக்காட்சியை அடியோடு நீக்கினோம். ஒருவரும் அதைத் தேடவில்லை.

8. வழி தவறாதிருக்க

வாசகர் எந்தப் பக்கத்தில் நின்றாலும் "நான் எங்கே இருக்கிறேன், வேறெங்கே போகலாம், முகப்புக்கு எப்படித் திரும்புவது" என்ற மூன்றுக்கும் விடை தெரிய வேண்டும். பட்டியலில் ஐந்தாறு சொற்கள் போதும். அவையும் தெரிந்த சொற்களாக இருக்கட்டும். நாம் கவித்துவமாக "மலர்ச்சோலை" என்று பெயரிட்ட பகுதியை எவரும் திறக்கவில்லை. "மாணவியர் ஆக்கங்கள்" என்று மாற்றியதும் திறந்தார்கள். மீயிணைப்பில் "இங்கே அழுத்துக" என்று எழுதாமல் "போட்டி விதிகள்" என்றே எழுதுங்கள். அழுத்தினால் என்ன வரும் என்று முன்பே தெரியட்டும்.

எமது நாட்டுத் தளங்கள் பல மும்மொழியிலும் அமைகின்றன. மொழியைத் தெரிவு செய்யும் இடத்தில் கொடிகளை வைக்கும் வழக்கம் சில தளங்களில் உண்டு. கொடி நாட்டின் அடையாளம், மொழியின் அடையாளமல்ல. ஒரே கொடியின் கீழ் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாக உள்ள எமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதனதன் எழுத்தில் எழுதுவதே சரியான முறை.

9. எல்லோருக்கும் கதவு திறந்திருக்கட்டும்

பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையுடன் பக்கத்தைக் காதால் கேட்கிறார்கள். அது தலைப்புக் குறிகளைப் பிடித்துத் தாவித் தாவிச் செல்கிறது. படத்துக்கு நாம் எழுதும் மாற்று விபரத்தை வாசிக்கிறது. அந்த விபரம் இல்லையேல் படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்.ரி.எம்.எல்.இன் தொடக்கத்திலேயே குறிப்பிட்டால்தான் அது தமிழ் உச்சரிப்பைத் தெரிவு செய்யும். இவை யாவும் சில வரி வேலைகள். கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்பு என்று சொல்லலாம்.

பெண்கள் கல்லூரியில் படிக்கும் எமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. போட்டிக்கான படிவத்தில் நாம் முதலில் பெயர், தரம், பிறந்த திகதி, வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், புகைப்படம் எல்லாவற்றையும் கேட்டிருந்தோம். "கவிதைக்கு எதுக்கு வீட்டு அட்ரஸ்?" என்று பொறுப்பாசிரியை கேட்டார். எம்மிடம் பதிலில்லை. இப்போது பெயரும் தரமும் மட்டுமே கேட்கிறோம். தேவைக்கு மேல் தகவல் திரட்டக்கூடாது என்பது இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளிலும் ஒன்று. அனுமதியில்லாமல் எந்தச் சகோதரியின் முகத்தையும் தளத்தில் இடுவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

10. ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். செய்முறை இதுதான். ஒரு வேலையைச் சொல்லுங்கள்: "கவிதைப் போட்டிக்கு எப்போது கடைசி நாள்?" தொலைபேசியைக் கையில் கொடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். விளக்கம் சொல்லக்கூடாது. விளக்கம் சொல்ல நாம் ஒவ்வொரு வீட்டுக்கும் போகப் போவதில்லை.

என் உம்மும்மா ஒரு தலைப்பைத் திரும்பத் திரும்ப அழுத்திவிட்டு, "என்ன புள்ள, எத்தின தரம் அமத்தியும் ஒண்டும் வருதில்ல?" என்றார். நாம் அலங்காரத்துக்காக அந்தத் தலைப்பின் கீழ் கோடிட்டிருந்தோம். கோடிருந்தால் அழுத்தலாம் என்று அவர் நினைத்தது சரி. கோடிட்ட நாம்தான் பிழை. அன்றே அதை நீக்கினோம். சோதிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: அவருக்கு விளங்காவிட்டால் அது அவரது குறையல்ல, பக்கத்தின் குறை.

செய்து பாருங்கள்

கணினி இல்லாதவர்களும் இன்றே தொடங்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் தேவையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் மாமியாக இருக்கலாம். ஊர் வாசிகசாலையாக இருக்கலாம். கொப்பித் தாளை நீளவாக்கில் மடித்தால் ஒரு தொலைபேசித் திரையின் வடிவம் வரும். அதில் அவரிடம் வருபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வியின் விடையை மேலே எழுதுங்கள். அதன் கீழ் இரண்டாவது, மூன்றாவது. பிறகு அந்தத் தாளை அவரிடமே காட்டுங்கள். அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

எமது புதிய தளத்தைச் சோதித்த ஐவரில் முதலாமவள் அந்தத் தரம் 8 தங்கைதான். நாமே தேடிப்போய்க் கேட்டோம். உம்மாவின் அதே தொலைபேசியில், பாடசாலை விட்ட பிறகு, வாயிலருகே நின்று திறந்தாள். திகதியைச் சொல்ல அவளுக்கு நான்கு விநாடிகள் ஆயின. பக்கத்தில் மேலே, கரும்பச்சையில், எழுத்தாகவே இருந்தது.

அவளது அந்தக் கவிதை போட்டிக்குப் போகவில்லை. அதை எம்மால் மாற்ற முடியவில்லை. இந்தத் தவணைப் போட்டிக்கு முடிவுத் திகதிக்கு ஐந்து நாள் முன்பே புதிய கவிதையொன்றைக் கொண்டுவந்து தந்தாள். இம்முறை தாளை மடிக்கவில்லை.

– தரம் 12, தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்